கோனியோபோரா பவளம் ஐந்தாவது மாதத்தில் சுருங்குகிறது, தண்ணீர் டெஸ்ட் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

நீலத்தொட்டி:

வணக்கம். 250 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), தண்ணீர் விட்டு 14 மாதம் ஆகிறது. பச்சை கோனியோபோரா ஒன்றை ஐந்து மாதமாக வைத்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் பார்க்கவே ஆசையாக இருந்தது, விளக்கு போட்ட அரை மணி நேரத்தில் ஒவ்வொரு பாலிப்பும் (பவளத்தின் பூப் போன்ற சிறு உயிர்) விரல் நீளத்துக்கு நீண்டு பூச்செண்டு மாதிரி ஆடும். இப்போது இடது பக்கம் நகத்தளவுதான் வெளியே வருகிறது, சில நாள் அதுவும் இல்லை. அடிப்பக்கத்தில் திசு விலகி வெள்ளையாக எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

வெப்பநிலை 26 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8.4 டிகேஎச், கால்சியம் 430, மெக்னீசியம் 1350. நைட்ரேட் டெஸ்ட்டில் நிறமே வரவில்லை, ஃபாஸ்பேட் 0.00. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நாள் முழுக்க ஓடுகிறது, ஃபாஸ்பேட் ரிமூவரும் போட்டிருக்கிறேன், வாரத்துக்கு 15 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன். பக்கத்தில் ஒரு லெதர் கோரல் (மென்பவளம்) இருக்கிறது, அது நன்றாக வளர்கிறது. ஒன்று மட்டும் புரியவில்லை, மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி படிகிறது, இரவில் குறைந்துவிட்டு மதியத்துக்குள் திரும்ப வந்துவிடுகிறது.

இதற்கு முன் வைத்ததும் எட்டாவது மாதத்தில் இப்படித்தான் போனது. இதையும் இழக்க மனமில்லை. இந்த இனம் வீட்டில் பிழைக்கவே பிழைக்காதா?

ஆழ்கடலான்:

பிழைக்கும். ஒரு காலத்தில் வாங்கிய ஒரு வருடத்துக்குள் செத்துவிடும் என்று பெயர் எடுத்த பவளம்தான், ஆனால் இன்றைக்குப் பல வருடமாக வைத்திருந்து துண்டு வெட்டிப் பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் முதல் இரண்டை இழந்தவன், மூன்றாவது நாலு வருடமாக இருக்கிறது. நான் மாற்றிய பெரிய விஷயம் ஒன்றுதான், சாப்பாடு.

உங்கள் டெஸ்ட் சரி என்று நீங்கள் நினைப்பதுதான் சிக்கல். அந்த இரண்டு பூஜ்யங்களையும் பாருங்கள். திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரை செய்து கொடுக்கும், அது ஓடியாடுவதற்கான சக்தி. புதுத் திசு கட்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், அவை தண்ணீரிலிருந்தோ இரையிலிருந்தோதான் வர வேண்டும். உங்கள் தொட்டியில் இரண்டு வழியும் அடைபட்டுக் கிடக்கிறது. உடம்பில் இருந்த சேமிப்பை வைத்து மூன்று மாதம் ஓட்டியிருக்கிறது, அதனால்தான் ஆரம்பத்தில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. முந்தையதும் பெரும்பாலும் இதே பட்டினியில்தான் போயிருக்கும்.

கடலில் பல கோனியோபோரா இனங்கள் கலங்கலான, துகள் மிதக்கும் தண்ணீரில், மணலும் சேறும் உள்ள தரையில் வாழ்பவை. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரை அவை கேட்கவே இல்லை.

ஃபாஸ்பேட் ரிமூவரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10, ஃபாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருந்தால் போதும். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், மெதுவாக ஏறட்டும். முதல் சில நாள் பாறை ஃபாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்ளும், டெஸ்ட் பூஜ்யமே காட்டும், பயந்து அதிகம் கொட்டிவிடாதீர்கள்.

வாரம் மூன்று முறை இரை கொடுங்கள். பம்புகளை நிறுத்தி, ரோட்டிஃபர் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணுயிர் இரை) அல்லது நல்ல பொடி உணவைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, பவளத்துக்கு மேலே பிப்பெட்டால் மெதுவாக விடுங்கள். அழுத்திப் பீய்ச்சினால் சுருங்கிக்கொள்ளும். இருபது நிமிடம் அப்படியே விட்டு அப்புறம் பம்பைப் போடலாம். முழு மைசிஸ் இறாலெல்லாம் அதற்குப் பெரிது.

உப்புக்காற்று:

மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போனது. மணலில் படிவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் நுண்பாசி போலத் தெரிகிறது, இழை இழையாக நின்று நுனியில் காற்றுக் குமிழி பிடித்திருக்கிறதா பாருங்கள். நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் பூஜ்யமாகும்போது மற்ற பாசிகள் பின்வாங்கும், அந்த இடத்தை இது பிடித்துக்கொள்ளும். அழுக்கு என்று நினைத்து இன்னும் தண்ணீர் மாற்றுவது பலருக்கும் வருகிற இயல்பான எண்ணம், அப்படிச் செய்தால் இன்னும் மோசமாகும்.

இரண்டாவது, லெதர் கோரல் தண்ணீரில் டெர்பீன் வகை ரசாயனங்களை விடும், தொடாமலே பக்கத்துப் பவளத்தைச் சுருக்கிவிடும். ஒரே பக்கம் மட்டும் சுருங்கியிருப்பதால் கேட்கிறேன், லெதர் அந்த இடது பக்கத்திலா இருக்கிறது? ஆம் என்றால் தள்ளி வையுங்கள், ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். கார்பன் நைட்ரேட்டையும் ஃபாஸ்பேட்டையும் எடுக்காது, அதனால் பயமில்லை.

மாங்கனீசு ஊற்றினால் உடனே விரியும் என்று யாராவது சொல்வார்கள். கோனியோபோராவுக்கு அது உதவுவதாகப் பலர் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஐசிபி டெஸ்ட்டில் (தண்ணீரிலுள்ள தனிமங்களை ஆய்வகத்தில் அளப்பது) குறைவு என்று தெரியாமல் எந்த நுண்தனிமத்தையும் ஊற்றாதீர்கள்.

நீலத்தொட்டி:

லெதர் இடது பக்கம்தான், 10 சென்டிமீட்டர் தூரம்கூட இல்லை. குமிழியும் இருக்கிறது. இத்தனை நாளும் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து நானே பட்டினி போட்டிருக்கிறேன், நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ரிமூவரை எடுத்துவிட்டேன், லெதரையும் மாற்றுகிறேன். திசு போன இடத்தை என்ன செய்வது? வெட்டிவிடலாமா?

ஆழ்கடலான்:

இப்போது வெட்ட வேண்டாம், சோர்ந்திருக்கும் பவளத்துக்கு அது இன்னொரு அடி. அந்த இடத்தில் பழுப்பு ஜெல்லி மாதிரி திரண்டு, நாற்றமும் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், ஓரிரு நாளில் முழுப் பவளத்தையும் தின்றுவிடும். பம்பை நிறுத்தி, ஜெல்லி மற்ற பவளங்கள் மேல் பறக்காமல் குழாயால் உறிஞ்சி எடுத்து, பவளத்தை வெளியே ஒரு பாத்திரத்தில் வைத்து அயோடின் கரைசலில் முக்குங்கள், அளவு பாட்டிலில் போட்டிருக்கும். நல்ல திசுவில் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்ட வேண்டிவரும். பவளத்தை முக்கி எடுத்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஜெல்லி இல்லை, வெறும் எலும்புதான் என்றால் அப்படியே விடுங்கள். என்னுடையதில் பாதி போயிருந்தது, இரை கொடுக்க ஆரம்பித்து ஆறாவது வாரம் ஓரத்தில் கடுகளவு புதுப் பாலிப்புகள் வந்தன. வாரம் ஒரு முறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள், நாள்தோறும் பார்க்கிறவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.