கீப்பர் சம்பளம்: வருஷத்துக்கு 5 டாலரா, 20 சதவீதமா?

எட்டாவது_இன்னிங்ஸ்
12 டீம், ஏலத்துல ஆள் எடுக்க டீமுக்கு 260 டாலர், 23 பேர் (14 பேட்டர், 9 பிட்சர்). வழக்கமான ரொட்டிசெரி ஃபேன்டசி பேஸ்பால் லீக், அதாவது நிஜ ஆட்டக்காரங்களை ஏலத்துல எடுத்து, அவங்க களத்துல அடிக்கிற கணக்கை வச்சு நாம மோதுறது. அஞ்சு பேட்டிங் கணக்கு, அஞ்சு பிட்சிங் கணக்கு. இதுவரை வருஷா வருஷம் எல்லாரையும் ஏலத்துல விட்டுட்டு புதுசா எடுத்தாச்சு. அடுத்த சீசன்லேர்ந்து டீமுக்கு 5 பேரை ஏலத்துல விடாம கையில வச்சுக்கலாம், அவங்கதான் கீப்பர். வச்சுக்கிற ஆளோட சம்பளம் எப்படி ஏறணும்ங்கிறதுலதான் லீக் ரெண்டா பிரிஞ்சு நிக்குது. ஒரு கட்சி: எல்லாருக்கும் வருஷத்துக்கு 5 டாலர். இன்னொரு கட்சி: 20 சதவீதம், பின்னம் வந்தா அடுத்த முழு எண். வெள்ளிக்கிழமை ஓட்டு. டம்ப் டிரேடுக்கும் (தோக்கிற டீம் ஸ்டாரைக் கொடுத்துட்டு அடுத்த வருஷத்துக்கு மலிவு ஆளை வாங்குறது), சீசன் நடுவுல ஆள் எடுக்கிற ஃபாப் பணத்துக்கும் சேர்த்தே விதி எழுதணும். கணக்கோட பேசுங்க.

ஒருடாலர்_ராஜா
20 சதவீதம். இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. ஏலம் முடியுற நேரத்துல, எவனும் சீண்டாத ஆளை 3 டாலருக்கு எடுக்கிறதுதான் இந்த விளையாட்டுல இருக்கிற ஒரே திறமை. 5 டாலர் விதியில அவன் 8 ஆயிடுவான், ஒரே வருஷத்துல ரெண்டரை மடங்குக்கு மேல. 40 டாலர் ஸ்டார் 45தான் ஆவான், அதாவது பன்னிரண்டரை சதவீதம். சைக்கிள்காரன்கிட்டயும் கார்காரன்கிட்டயும் ஒரே டோல் வாங்குற கதை இது.

கணக்குப்பிள்ளை
சைக்கிளை விடுங்கள், ராஜா. எத்தனை மடங்கு ஏறியது என்பதல்ல கேள்வி, ஏறிய பிறகும் கையில் எவ்வளவு லாபம் நிற்கிறது என்பதே. 3 டாலருக்கு எடுத்தவர் 20 டாலர் மதிப்புள்ள ஆட்டக்காரர் என்று வையுங்கள். 20 சதவீதத்தில் சம்பளம் 4, 5, 6, 8 என்று போகும். நான்கு ஆண்டு லாபம் 16, 15, 14, 12. மொத்தம் 57 டாலர். நிலையான 5 டாலரில் 8, 13, 18 என்று ஏறி, நான்காம் ஆண்டு 23 ஆகி, தானாக ஏலத்துக்குத் திரும்புவார். மொத்த லாபம் 21. ஒரே ஒரு நல்ல பிடிக்கு நான்கு ஆண்டு ஓய்வூதியம் தேவையா?

முழு எண்ணாக்கினால் இரண்டு விதியும் 21 முதல் 25 டாலர் வரை சமம். அதற்குக் கீழே சதவீதம் சலுகை, மேலே 5 டாலர் சலுகை.

ஒருடாலர்_ராஜா
அந்தக் கடைசி வரியைத்தான் நான் பிடிச்சுக்கப் போறேன். 25க்கு மேல 5 டாலர் சலுகைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்போ 42 மதிப்புள்ள ஒரு ஸ்டாரை 38க்கு எடுத்தவன் என்ன பண்ணுவான்? 43க்கு வச்சுப்பான்.

கணக்குப்பிள்ளை
42 மதிப்புக்கு 43 கொடுத்து ஏன் வைப்பார்?

ஒருடாலர்_ராஜா
பணவீக்கம், பிள்ளைவாள்! கீப்பர் லீக்ல முகமதிப்பைப் பார்த்து முடிவெடுக்கிறவன்தான் முதல்ல மண்ணைக் கவ்வுவான். மொத்தப் பணம் 3120. டீமுக்கு 5 பேர்னா 60 கீப்பர். அவங்க சம்பளம் சேர்த்து 720, உண்மையான மதிப்பு 1140னு வச்சுக்குவோம். மிச்சம் 2400 டாலர், 1980 டாலர் சரக்கைத் துரத்துது. நிரப்ப வேண்டிய இடம் 216. எல்லாருக்கும் குறைஞ்சது 1 டாலர் போயே ஆகணும், அதனால ரெண்டு பக்கமும் 216ஐக் கழிச்சுட்டு வகுக்கணும்: 2184 வகுத்தல் 1764, அதாவது 1.238. அந்த 42 டாலர் ஆளோட மதிப்புல முதல் டாலரை விட்டுட்டு மீதி 41ஐ இதால பெருக்குங்க. ஏலத்துல அவன் விலை 52 வரும்.

இப்போ பாருங்க. 5 டாலர் விதியில 43, 48 ரெண்டு வருஷமும் லாபம், 53லதான் விடுவான். 20 சதவீதத்துல 46க்கு வைப்பான், அடுத்த வருஷம் 56, விட்டுடுவான். ஸ்டாரை ஏலத்துக்குச் சீக்கிரம் கொண்டு வர்றது என் விதிதான்.

லெஃப்ட்_ஃபீல்டு
ராஜா கணக்கு சரி. ஆனா 216ஐக் கழிக்காம நேரடியா 2400ஐ 1980ஆல வகுத்து 1.21னு எழுதிட்டு ஏலத்துக்கு வர்றவங்கதான் பாதிப் பேர். கீழ்மட்ட ஆளுங்க விலை ஏறவே ஏறாது. 1 டாலர் ஆள் 1 டாலர்தான். 4 டாலர் ஆள் மிஞ்சிப்போனா 5. ஏறுற பணமெல்லாம் மேல இருக்கிற முப்பது நாப்பது பேர் மேலதான் கொட்டும். அதனால சூத்திரம் 52னு சொல்ற ஆள் நிஜ ஏலத்துல அதையும் தாண்டிப் போகலாம்.

கணக்குப்பிள்ளை
சூத்திரத்தை மறுக்கவில்லை. ஆனால் ராஜா ஒன்றை மறைக்கிறார். அந்தப் பணவீக்கம் வானத்திலிருந்து விழவில்லை. மலிவுக் கீப்பர்களின் லாபம்தான் பணவீக்கம். 720 என்ற சம்பளம் என் விதியில் நிற்கும். அவர் விதியில் 3 டாலர்காரர்கள் எல்லாம் 5, 6லேயே தங்குவார்கள். இரண்டு மூன்று ஆண்டில் 60 பேரின் சம்பளம் 540க்கு இறங்கியது என்று போட்டுப் பாருங்கள். மிச்சப் பணம் 2580. 2364 வகுத்தல் 1764, அதாவது 1.34. அதே 42 டாலர் ஸ்டார் ஏலத்தில் 56. ராஜா விட்டுவிடுவான் என்று சொன்ன அதே 56! நஷ்டமே இல்லாமல் இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளலாம்.

லெஃப்ட்_ஃபீல்டு
ஆக, சதவீதம் ஸ்டாரை விடுதலை பண்ணும்ங்கிற வாதம் முதல் வருஷத்தோட காலி. 👏

ஆனா ரெண்டு பேருமே ஒண்ணை விட்டுட்டீங்க. 50 டாலருக்கு மேல ஒரே ஆள் மேல வைக்கிறது காகிதத்துல லாபம், களத்துல சூதாட்டம். ரொனால்ட் அக்குன்யா ஜூனியர் 2023ல 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் (பேஸ் திருட்டு). 2024 மே மாசம் முட்டி தசைநார் கிழிஞ்சு 49 ஆட்டத்தோட சீசன் முடிஞ்சுது, ஹோம் ரன் 4. 260ல அஞ்சுல ஒரு பங்கு அப்படியே போச்சு. காப்பீடு கிடையாது. 25 டாலர் ஆள் ரெண்டு பேரா பிரிச்சு வச்சிருந்தா பாதியாவது மிஞ்சும்.

பென்ச்_மணி
கேக்கணும்னு இருந்தேன். ஃபாப்ல 0 டாலருக்கு எடுக்கிற ஆளுக்கு ராஜாவோட விதியில அடுத்த வருஷம் சம்பளம் என்ன?

ஒருடாலர்_ராஜா
...

பென்ச்_மணி
பூஜ்யத்துல 20 சதவீதம் பூஜ்யம். ஆயுசுக்கும் ஓசி.

ஒருடாலர்_ராஜா
சரி சரி. ஃபாப்ல எடுத்த ஆளுக்குக் குறைஞ்சபட்ச கீப்பர் சம்பளம் 5 டாலர்னு ஒரு வரி சேர்த்துக்கலாம். டீமுக்கு ஃபாப் பணம் 1000 டாலர்னு வச்சா அந்த விலையை அப்படியே சம்பளமா எடுக்க முடியாது, பத்தால வகுக்கணும். வம்பே வேணாம்னா 100 வைங்க, ஏல டாலரும் ஃபாப் டாலரும் ஒரே அளவுல இருக்கும்.

கணக்குப்பிள்ளை
இதில் உடன்படுகிறேன். 100 போதும். ஆனால் புதுமுகம் மேஜர் லீகுக்கு வந்த வாரமே பாதிப் பணத்தைக் கொட்டும் பழக்கத்துக்கு எந்த விதியும் மருந்தல்ல. 2022 டிராஃப்டில், அதாவது மேஜர் லீக் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளான ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் ஓரியோல்ஸுக்கு வந்து, 34 முறை மட்டை பிடித்து 2 ஹிட் மட்டும் அடித்து, அந்த மாதமே மைனர் லீகுக்குத் திரும்பினார். அதற்கு அடுத்த வருட டிராஃப்டின் முதல் ஆள் பால் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம் பைரேட்ஸுக்கு வந்து, இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 1.96 வைத்து, சிறந்த புதுமுகம் பட்டமும் வாங்கினார். இரண்டு பேரும் வந்த அன்று கூச்சல் ஒரே அளவுதான்.

எட்டாவது_இன்னிங்ஸ்
ஃபாப் 100, குறைஞ்சபட்சம் 5. குறிச்சுக்கிட்டேன். டம்ப் டிரேடு?

லெஃப்ட்_ஃபீல்டு
ஜூலையில நடக்கிறது இதுதான். கடைசி இடத்து டீம் 42, 38, 35 டாலர் ஸ்டார் மூணு பேரைக் கொடுத்துட்டு, முதல் இடத்து டீம்கிட்டேர்ந்து 9, 6, 4 டாலர் இளசுங்களை வாங்கும். ரெண்டு பேருக்கும் லாபம். நடுவுல நிக்கிற பத்து டீமுக்கு வயித்தெரிச்சல். வாங்கினவன் மொத்தச் சம்பளம் 260லேர்ந்து 356. சீசன் நடு உச்சவரம்பு 320னு வைங்க, இந்த டிரேடு நடக்காது. அவ்வளவுதான்.

பென்ச்_மணி
320 வச்சா கடைசி இடத்துக்காரன் ஜூன்லயே ஆப்பைத் திறக்கறதை நிறுத்திடுவான். அவனுக்கு அடுத்த வருஷம்னு ஒரு நம்பிக்கை இருக்கிறதே இந்த டிரேடாலதான். 350 வைங்க. அதோட, எதிர்காலத்தை வித்து இந்த வருஷம் ஜெயிக்கப் பார்க்கிறவன் அடுத்த வருஷ என்ட்ரி ஃபீஸை டிரேடு அன்னிக்கே கட்டணும்னு போடுங்க. காலி பண்ணின டீமை அநாதையா விட்டுட்டு ஓடறதுதான் கீப்பர் லீகைக் கொல்ற வியாதி.

கணக்குப்பிள்ளை
ஃபீஸ் யோசனை நன்று. உச்சவரம்பு 320தான். வேறு வழி வேண்டுமென்றால் ஆட்டோன்யூ என்ற ஃபேன்டசி தளத்தின் முறையைப் பாருங்கள். அங்கே 12 அணி, 40 பேர், 400 டாலர். மேஜர் லீகில் ஆடியவருக்கு ஆண்டுக்கு 2 டாலர் ஏறும், ஆடாதவருக்கு 1. ஒருவரை விலக்கினால் அவர் சம்பளத்தில் பாதி உங்கள் தலையில் நிற்கும். சீசன் முடிந்ததும் ஒவ்வொருவரும் 25 டாலரை மற்ற அணிகளின் மலிவு ஆட்டக்காரர்கள் மீது ஏற்றிவிடலாம். ஏற்றம் குறைவு, ஆனால் அதிக லாபத்தில் இருப்பவரை ஊரே கூடி விலை ஏற்றிவிடும்.

ஒருடாலர்_ராஜா
ஊரே கூடி என் பர்ஸ்ல கை வைக்கிறதை நீதின்னு சொல்றீங்க.

நான் இறங்கி வரேன், கேளுங்க. 1980ல டேனியல் ஓக்ரென்ட் கூட்டம் நியூயார்க்ல ஆரம்பிச்ச மூல ரொட்டிசெரி ஒப்பந்தமே இருக்கு. எடுத்த வருஷமும் அடுத்த வருஷமும் அதே சம்பளம். மூணாவது ஆப்ஷன் வருஷம். அது தொடங்கறதுக்குள்ள முடிவெடுக்கணும்: விடு, அதே விலையில ஆடவிட்டு விடு, இல்லேன்னா ஒப்பந்தத்தை நீட்டு, நீட்டுற ஒவ்வொரு வருஷத்துக்கும் 5 டாலர் கூட. 3 டாலர் ஆளை ரெண்டு வருஷம் நீட்டினா 13.

கணக்குப்பிள்ளை
கணக்கு: நீட்டாவிட்டால் இரண்டு கீப்பர் ஆண்டில் 17, 17. மொத்தம் 34, பிறகு ஏலம். என் 21க்கும் உங்கள் 57க்கும் நடுவில். நீட்டி, அவர் காயமானால் 13 டாலர் சுமை உங்களோடு. இதை எதிர்க்க எனக்குக் காரணம் ஒன்றுதான்: யார் எத்தனையாவது ஆண்டில் இருக்கிறார் என்று கமிஷனர் தனியாகப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். டிரேடில் கைமாறினாலும் ஆண்டுக் கணக்கு ஆளோடு போகும், புதிதாகத் தொடங்காது. இதை எழுதி வைக்காத இடத்தில் ஆகஸ்டில் சண்டை நிச்சயம்.

எட்டாவது_இன்னிங்ஸ்
அப்போ ஓட்டுச்சீட்டுல மூணு வரி: 5 டாலர், 20 சதவீதம், ஆப்ஷன் ஒப்பந்தம். உச்சவரம்பு 320ஆ 350ஆன்னு தனி ஓட்டு.

லெஃப்ட்_ஃபீல்டு
20 சதவீதம் ஜெயிச்சா ஒண்ணு கவனிங்க. பின்னம் மேல ரவுண்டு ஆகுறதால 5 டாலர் ஆள் அடுத்த வருஷம் 6. 6 டாலர் ஆள் 8. அதே மாதிரி 10 போனா 12, 11 போனா 14. ஏலத்துல அஞ்சின் மடங்கைத் தாண்டி ஒரு டாலர் ஏத்தினா அடுத்த வருஷம் ரெண்டு டாலரா வலிக்கும். 5, 10, 15ல வந்ததும் எல்லாரும் வாயை மூடிக்குவாங்க.

ஒருடாலர்_ராஜா
அதை ஏன்யா இங்க எழுதினீங்க. எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், இப்போ பதினோரு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு.