எஸ்24 அல்ட்ரா வாங்கலாமா, இல்ல காசு வேஸ்டா?

மதுரக்காரன்:
மக்களே, என் போனுக்கு நாலு வயசாச்சு, பேட்டரி மதியத்துக்கே படுத்துருது. சாம்சங் எஸ்24 அல்ட்ரா மேல ஒரு கண்ணு, ஆனா 2024 ஜனவரில வந்தப்ப 256 ஜிபியே 1,29,999 ரூவா, என் பைக்கே அவ்ளோ வராது. அப்படி என்னதான் இருக்கு அதுல?

கேமராகிறுக்கன்:
வாட்ஸ்அப், யூடியூப்தான்னா 25,000 ரூவா போனே ஜாஸ்தி ப்ரோ. திருவிழாக் கூட்டத்துல பின்னாடி நின்னு சாமி மொகத்த எடுக்கணும்னா அந்த 5 மடங்கு ஜூம் லென்ஸ் வேற லெவல், பட்ஜெட் போன்ல அது கெடைக்காது. 200 மெகாபிக்சல்னு சொல்றத பாத்து மயங்காதீங்க, சாதாரணமா எடுத்தா 16 பிக்சல ஒண்ணா சேத்து 12 மெகாபிக்சல் படம்தான் வரும்.

வாசுகி அக்கா:
தம்பி, 7 வருசம் அப்டேட் தர்றேன்னு சொல்லிருக்கான், வகுத்துப் பாத்தா வருசத்துக்கு 18,500 சொச்சம். ஆனா பேட்டரி அத்தன வருசம் தாங்காது, நடுவுல ஒருதடவயாச்சும் மாத்தணும், டிஸ்ப்ளே ஒடஞ்சா அது தனி செலவு. எஸ்25 வேற வந்துருச்சுல்ல, ஆஃபர்ல பாருங்க.

மதுரக்காரன்:
அப்ப இஎம்ஐ போட்டுரவா அக்கா?

வாசுகி அக்கா:
மொதல்ல இருக்கற போனுக்கு பேட்டரிய மாத்திப் பாருய்யா 😄