புதுப்பிப்பு: கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேபில் ரோபோ

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு சிமுலேஷன் மட்டும் போதுமா, கோட்டைப் பின்தொடரும் சின்ன ரோபோக்களை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம், செமஸ்டரும் முடியப்போகிறது.

முதலில் பிஐடி, அதாவது ரோபோ கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துத் திருத்தும் கட்டுப்பாட்டு முறை. விகித கெயினை (விலகலுக்கு ஏற்ப எவ்வளவு பலமாகத் திருப்புவது என்ற எண்) மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ரோபோ கோட்டின் இருபுறமும் பாம்பாக நெளியும். விலகல் மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்தும் டெரிவேட்டிவ் பகுதியைக் கொஞ்சம் சேர்த்ததும் அடங்கிவிடும். பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்த அலைவுதான். அலைவு இப்படி அடங்குவதைத் தரையில் பார்த்த பிறகுதான் மாணவர்கள் "டேம்பிங்னா இதுதானா சார்?" என்றார்கள்.

நாங்கள் ஓட்டிய சிமுலேஷனில் பேட்டரி இறங்கவே இறங்காது. இங்கே சார்ஜ் குறையக் குறைய, அதே பிடபிள்யூஎம் மதிப்புக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் மோட்டாருக்கு மின்சாரம் எவ்வளவு நேரம் போகும் என்ற அளவு) மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. காலையில் அழகாக ஓடிய கெயின் மதியம் சொதப்புகிறது. ஒரு குழு புரோகிராமில் பிழை தேடித் தேடிச் சலித்து, கடைசியில் பேட்டரி வோல்டேஜை அளக்க மல்டிமீட்டரை எடுத்தது. என்கோடரால் (சக்கரம் சுற்றுவதை எண்ணும் சென்சார்) சக்கர வேகத்தை அளந்து திருத்தும் உள் லூப் எதற்கு என்று அப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிமுலேஷனை விடவில்லை, அதில் ஓடியதுதான் தரைக்கு வரும். ஜன்னல் வெயில் பட்டால் கோட்டைப் பார்க்கும் அகச்சிவப்பு சென்சார் குழம்புகிறது. இப்போதைக்குத் திரைச்சீலைதான் தீர்வு.