கலைச்சொல்: 'கிளட்ச் டிராக்' என்றால் பந்தயமா, தடமா, கோளாறா?

அழகாபுரத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதும்போது ஒரு முட்டுச்சந்து. பெடலை முழுக்க மிதித்த பிறகும் கிளட்ச் விடாமல் உரசிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் டிராக். நிற்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறும் பந்தயத்துக்கும் டிராக்தான். அது நடக்கிற தடத்தையும் நம் எழுத்தில் டிராக் என்றே எழுதுகிறோம். "டிராக்கில் டிராக் ஓட்டியபோது டிராக் ஆகிவிட்டது" என்று எழுதினால் அச்சுக்கோப்பவரே போன் போட்டுக் கேட்பார்.

'ஆஃப் கிளட்ச்' இன்னொரு தலைவலி. பாதி மிதித்ததா, கிளட்சை விட்டுவிட்டதா? ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஆஃப் கிளட்ச்சிலேயே ஏறாதே என்று வாயால் சொன்னால் புரிந்துவிடும். எழுத்தில் புரியாது.

கிளட்சுக்கே தமிழ்ச்சொல் வேண்டுமா என்கிற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. உரசிணைப்பி, விடுபற்றி இரண்டும் இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் இரண்டுமே விலைபோகவில்லை. கிளட்ச் கிளட்சாகவே இருக்கட்டும். சொல் இல்லாமல் தவிப்பது கோளாறுகளுக்குத்தான். "கிளட்ச் போயிடுச்சு" என்ற ஒரே பேச்சில் நாலைந்து வெவ்வேறு பழுதுகள் ஒளிந்துகொள்கின்றன.

வேர்ச்சொல் மெக்கானிக் வாயிலேயே இருக்கிறது. "பெடல் மேல வந்துதான் புடிக்குது" என்கிறாரே, அந்தப் பிடி. என் பரிந்துரை: எஞ்சின் சுற்றியும் பிளேட் கூடவே சுற்றாவிட்டால் பிடிநழுவல். மிதித்தும் விடாவிட்டால் விடாப்பிடி. பாதி மிதி அரைப்பிடி. வண்டி எடுக்கையில் உதறினால் பிடிநடுக்கம். பந்தயத்துக்குக் கால்மைல் பந்தயம், 402 மீட்டர்தானே.

சங்ககிரியிலிருந்து:

> எஞ்சின் சுற்றியும் பிளேட் கூடவே சுற்றாவிட்டால் பிடிநழுவல்

வழுக்கல் என்றே வைத்தால் என்ன? லாரிப் பட்டறைகளில் "கிளட்ச் வழுக்குது" என்பதுதான் வழக்கு. புதுச்சொல்லுக்கு அவசியம் தெரியவில்லை. கால்மைல் பந்தயமும் இடிக்கிறது. 201 மீட்டரிலும் டிராக் ஓட்டுகிறார்கள்.

அழகாபுரத்திலிருந்து:

201 மீட்டர் என்றால் அரைக்கால் மைல். நம் பின்ன வாய்பாட்டில் எட்டில் ஒன்றுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே, அண்ணா! அரைக்கால்மைல் பந்தயம். பொதுப்பெயர் வேண்டுமானால் நேர்த்தடப் பந்தயம் என்று வைக்கலாம்.

வழுக்கலை டயருக்கு விட்டுவைக்க வேண்டும். லாரியில் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம், அதனால் அங்கே குழப்பமில்லை. பந்தயத்தில் வண்டி கிளம்பும் முதல் இரண்டு விநாடியில் டயரும் சுழலும், கிளட்சும் நழுவும். இரண்டிலும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றுவேக) முள் துள்ளும். கியர்பாக்ஸிலிருந்து அளவெடுக்கும் வேகமானியாக இருந்தால், டயர் வழுக்கும்போது வேக முள்ளும் சேர்ந்து ஏறும்; கிளட்ச் நழுவினால் ஆர்பிஎம் மட்டும் ஏறும், வேகம் அப்படியே நிற்கும். ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு வேலை பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால், டயர் காற்றைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்.

கருப்பூரிலிருந்து:

நழுவல் சொல்லை வழிமொழிகிறேன். கூடவே பிடிதிறன் என்றும் ஒன்று சேருங்கள்: கிளட்ச் நழுவாமல் தாங்கக்கூடிய உச்ச டார்க், அதாவது முறுக்குவிசை. இது இல்லாமல் எரிந்த கிளட்சை விளக்க முடியாது.

பிடிதிறனுக்கு நான்கை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்: உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, லைனிங்கின் (பிளேட்டில் ஒட்டிய உரசும் படலம்) சராசரி ஆரம், உரசும் முகங்களின் எண்ணிக்கை. ஒற்றை பிளேட்டுக்கு முகம் இரண்டு. குணகம் 0.3, விசை 5,000 நியூட்டன், ஆரம் 95 மில்லிமீட்டர் என்று வையுங்கள்: 285 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 200 கொடுத்தால் தாராளம். லைனிங் சூடாகிக் குணகம் 0.2-க்கு இறங்கட்டும், பிடிதிறன் 190. அந்த நொடியில் நழுவத் தொடங்கும். நழுவினால் மேலும் சூடு, மேலும் நழுவல். முதல் ஓட்டத்தில் நன்றாகப் போன வண்டி மூன்றாவதில் நாறுவது இதனால்தான்.

சூட்டின் அளவையும் பாருங்கள். 1,200 கிலோ வண்டியை, ஆர்பிஎம்மை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, கிளட்சை நழுவவிட்டே மணிக்கு 40 கிலோமீட்டர் வரை ஏற்றினால், வண்டி பெறும் இயக்க ஆற்றல் சுமார் 74 கிலோஜூல். அதே அளவு கிளட்சில் வெப்பமாகிறது. ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 12 கிலோ இரும்பு என்றால் சராசரியாக 13 டிகிரிதான் ஏறும். ஆனால் அந்த ஓரிரு விநாடியில் வெப்பம் உள்ளே இறங்காமல் மேல்தோலிலேயே தேங்குகிறது. ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் அதன் தடயம். நீலத் திட்டு இருந்த ஃப்ளைவீலைக் கடைசல் பிடிக்காமல் புதுப் பிளேட் போட்டால் பிடிநடுக்கம் அப்படியே திரும்பி வரும்.

லைனிங் கண்ணாடி மாதிரி பளபளப்பதைக் கண்ணாடிப்பு என்போமா? தீய்ந்த வாசனையைத் தீய்வு என்றே சொல்லலாம், அடுப்படிச் சொல் எல்லோருக்கும் தெரியும்.

கன்னங்குறிச்சியிலிருந்து:

விடாப்பிடி வேண்டாம். 'விடாப்பிடியாக நின்றான்' என்று பிடிவாதத்துக்கு ஊறிப்போன சொல். கையேட்டில் வாசகர் சிரிப்பார். பட்டறையில் "கிளட்ச் கட் ஆகல" என்கிறார்கள், அதையே வைத்தால் போதும்.

அழகாபுரத்திலிருந்து:

சிரித்தால் நல்லது, மறக்க மாட்டார். கட் ஆகல என்பது வினை. கையேட்டுத் தலைப்புக்குப் பெயர்ச்சொல் தேவை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. கேபிள் கிளட்ச் வண்டியில் நழுவலும் விடாப்பிடியும் எதிரெதிர்த் திசை. பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் அசையத் தொடங்கும் முன் பெடல் இறங்கும் வெற்று தூரம்) அறவே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் டயாஃப்ரம் விரல்களை எப்போதும் அழுத்தியபடி இருக்கும், பிடி நழுவும். ஃப்ரீ பிளே கூடிப்போனால் மிதி போதாமல் விடாப்பிடி. சொல் மாறினால் அட்ஜஸ்ட் நட்டைத் தலைகீழாகத் திருகுவார்கள்.

ஹைட்ராலிக் வண்டியில் விடாப்பிடிக்கு வேறு மூலம்: லைனில் காற்று, கசியும் சிலிண்டர், சூட்டில் கொதித்த ஆயில். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155. பந்தயத்தில் சூடேறி பிளேட் நெளிந்தாலும் இதே கதைதான்; இரண்டாம் கியர் கறகறக்கும், கியர் மாறும்போது வேகங்களைச் சமன்செய்யும் சின்க்ரோ தேயும்.

சங்ககிரியிலிருந்து:

நட்டு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன். வழுக்கல் டயருக்கே போகட்டும். ஆனால் கையேட்டில் இந்த இரண்டு சொல்லுக்கும் சோதனைமுறையைச் சேருங்கள், வெறும் பொருள் விளக்கம் பட்டறைக்கு உதவாது.

பிடிநழுவல்: நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கவும். ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் உறுதி. இதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது, சோதனையே லைனிங்கைத் தின்றுவிடும். பிரித்துப் பார்க்கும்போது ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் பிளேட் மாற்ற வேண்டியதுதான். லைனிங் கனம் சரியாக இருந்து எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் எஞ்சின் பின்புற ஆயில் சீலைப் பாருங்கள்.

விடாப்பிடி: ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து, நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடவும். பொறுத்தும் கறகறத்தால் உறுதி.

கன்னங்குறிச்சியிலிருந்து:

சரி, விடாப்பிடியே இருக்கட்டும். அடைப்புக்குள் 'கிளட்ச் கட் ஆகாமை' என்று ஒரு வரி போடுங்கள். கண்ணாடிப்பு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. தறிக்காரர்களிடமோ பாத்திரக் கடையிலோ இதைவிட நல்ல சொல் இருக்கும், கேட்டு எழுதுகிறேன்.