64 ஜாஸ் பேஸுக்குள் 66 பாட் எப்படி வந்தது?

சாலிடர்மணி:
ஒரு சேகரிப்பாளர் தன்னிடமுள்ள பழைய எலக்ட்ரிக் கிட்டார்களையும் பேஸ் கிட்டார்களையும் படம் பிடித்துப் போட்டு, "எதிலும் ஒரு திருகுகூட மாற்றவில்லை" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அதில் 1964 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று. குமிழ்கள் இருக்கும் கன்ட்ரோல் தகட்டைக் கழற்றிய படத்தை அவரேதான் போட்டிருக்கிறார். வால்யூம் பாட்டின், அதாவது குமிழுக்கு அடியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின், முதுகில் 304 6634. 304 என்றால் பாட்டைச் செய்த ஸ்டாக்போல் கம்பெனி. அடுத்தது 66ஆம் வருடம், 34ஆவது வாரம். 64இல் செய்த பேஸுக்குள் 66 பாட் எப்படிப் போனது?

நாலுகம்பி:
பாட்டை விடுங்கள். நெக்கின், அதாவது கழுத்துக் கட்டையின், அடியில் 64 மார்ச் முத்திரை தெளிவாகத் தெரிகிறது. விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டில் களிமண் நிறப் புள்ளிகள். 64 முடிந்ததும் முத்துப் புள்ளிகளுக்கு மாறிவிட்டார்கள். நெக்கைப் பிடிக்கும் பின்தகட்டிலுள்ள வரிசை எண்ணும் அந்தக் காலத்து எல் எழுத்தில் தொடங்குகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாலிடர்மணி:
நெக் 64தான், நான் மறுக்கவில்லை. நாலு திருகைக் கழற்றினால் நெக் கையோடு வந்துவிடும். பின்தகட்டு எண்ணை வைத்து வருடம் சொல்லவும் வேண்டாம். தகடுகளை வரிசை பார்த்து மாட்டவில்லை, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். 66 பாட்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

மரவாசம்:
பாட் கரகரத்தால் மாற்றத்தான் செய்வார்கள். மேடையில் வாசிக்கிறவருக்கு அது புரியும். 65 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அப்புறம் 66இல் ஏராளமான பாட்களை வாங்கிக் குவித்தார்கள். 68, 69 கிட்டார்களைத் திறந்தாலும் அதே 66 பாட் இருக்கும். பழுதுபார்த்தவர் கைக்கும் அதுவே கிடைத்திருக்கும். இதில் என்ன குற்றம்?

சாலிடர்மணி:
மாற்றியது குற்றம் என்று யார் சொன்னது? மாற்றவே இல்லை என்று எழுதியதுதான் குற்றம். பாட் தேதி கிட்டாருக்கு முந்தியதாக இருந்தால் பேச்சே இல்லை. ஸ்டாக்கில் கிடந்திருக்கும். பிந்தியதாக இருந்தால் ஒன்று பாட் மாறியிருக்கிறது, இல்லை பேஸே 64 இல்லை. கம்பியைப் பாட்டோடு ஒட்டிய ஈயப் பற்றை, சாலிடரைப் பாருங்கள், எப்படிப் பளபளக்கிறது! அத்தனை வருடத்துச் சாலிடர் மங்கிப் போயிருக்கும்.

நாலுகம்பி:
விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் பளபளக்கும். என் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸையும் இப்படித்தான் சாலிடரைக் காட்டிக் கெடுத்துப் பேசினீர்கள். அடுத்தவர் கையில் நல்ல கருவி இருந்தால் உங்களுக்குப் பொறுக்காது.

சாலிடர்மணி:
அதில் டோன் குமிழோடு சேர்ந்த கபாசிட்டர் மாறியிருந்தது. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

சன்பர்ஸ்ட்:
என் கவலை வேறு. எல்லாவற்றையும் ரப்பர் ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறார். நைட்ரோ என்ற பழைய வகை லாக்கர் பூச்சு ரப்பரோடு ஒட்டியே இருந்தால் இளகிக் கெட்டுப்போகும். யாராவது அவரிடம் சொல்லுங்கள்.

மரவாசம்:
ஃபெண்டர் 68 வாக்கில் பாலியஸ்டர் பூச்சுக்குப் போய்விட்டது. அங்கே நிற்பதில் பாதி எழுபதுகளில் செய்தவை. ஒன்றும் ஆகாது.

சன்பர்ஸ்ட்:
மீதிப் பாதி? ஓரமாக நிற்கும் லெஸ் பால் கிட்டார் கிப்சன் கம்பெனியுடையது. அவர்கள் நைட்ரோவை விடவே இல்லை. ஃபெண்டரை மட்டும் தெரிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மரவாசம்:
நான் லெஸ் பால் பற்றிப் பேசவே இல்லை. நீங்களாகவே இழுக்கிறீர்கள்.

சாலிடர்மணி:
ஸ்டாண்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். 64 பேஸில் 66 பாட்.

நாலுகம்பி:
அதையே எத்தனை தடவை சொல்வீர்கள்? நெக் 64, புள்ளி 64. ஒரு பாட்டுக்காக முழு பேஸையும் போலி என்கிறீர்கள்.

சாலிடர்மணி:
போலி என்ற வார்த்தை என் பதிவில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். ஜாஸ் பேஸில் மூன்று பாட்கள். அவர் காட்டியது ஒன்றைத்தான். மற்ற இரண்டின் எண்ணும் தெரிகிற மாதிரிப் படம் போடட்டும்.

நாலுகம்பி:
உங்களுக்காக அவர் ஏன் திறக்க வேண்டும்?