சிறார் விடுதலை: தீர்ப்பிலேயே தேதியா, மறுஆய்வுக் குழுவா?

தராசு:
குற்றம் செய்த சிறாரைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பும் நாளிலேயே வெளியே வரும் தேதியையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறாருக்கு விதிக்கும் தண்டனையான காவல்-பயிற்சி ஆணை அப்படித்தான். 4 முதல் 24 மாதம் வரை விதிக்கலாம். பாதி உள்ளே, பாதி வெளியே கண்காணிப்பில். நீண்ட ஆணைகளில் ஒன்றிரண்டு மாதம் முன்னதாக விடலாம். தள்ளிப்போட வேண்டுமென்றால் இளையோர் நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டும். பள்ளிச் சேர்க்கை, தங்குமிடம், மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஏற்பாடு செய்யலாம்.

மூன்றாம்படி:
பாதிக் காலம் கழிந்தால் கதவு திறந்துவிடும் என்றால், போதை மீட்புப் பயிற்சியில் உட்கார்ந்தவருக்கும் உட்காராதவருக்கும் என்ன வித்தியாசம்? டெக்சஸில் 2007-இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். குறைந்தபட்சத் தங்கல் காலம் முடிந்ததும் கோப்பு ஒரு குழுவிடம் போகும். உறுப்பினர் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், சமநிலை வராமலிருக்க. அந்தப் பிள்ளைகளை மேற்பார்க்கும் ஊழியருக்கு அதில் இடமில்லை. இன்னும் சீர்திருத்தம் தேவை, அதற்கு ஏற்ற இடம் இதுதான் என்று தெளிவான, நம்பத்தக்க சான்றோடு பெரும்பான்மை சொன்னால்தான் நீட்டிக்கலாம். அதாவது விடுவிப்பதற்கு அல்ல, வைத்துக்கொள்வதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும். இதையா எதேச்சாதிகாரம் என்கிறீர்கள்?

தராசு:
எதேச்சாதிகாரம் என்று நான் சொல்லவில்லை, நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். குழு எதை வைத்து முடிவெடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. மேற்பார்வையாளர் குழுவில் இல்லை, சரி. ஆனால் குழு படிக்கும் கோப்பை எழுதுவது யார்? அவர்தானே.

ஒழுங்கு மீறல் அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவான பணிமுறையில் வரிசையில் பேசியதும் ஒரு அறிக்கை, சக வாசியின் பல்லை உடைத்ததும் ஒரு அறிக்கை. சுருக்கத் தாளில் இரண்டும் சேர்ந்து '2' என்று நிற்கும். நடத்தையைப் பார்த்துப் படிபடியாக ஏற்றும் படிநிலை முறை உள்ள இல்லங்களில் ஒரு படி இறங்கினால் அந்தப் படியின் நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். இது மாற்றத்தை அளப்பதில்லை, பணிவை அளக்கிறது. பணிவானவர் வெளியே போய்த் தப்பு செய்யமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

கோப்புக்கட்டு:
இடையில் ஒன்று. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பை அளக்கும் இடர் மதிப்பீட்டுத் தாளை இருவரும் தொடவே இல்லை. அதற்குப் பரவலாகப் பயன்படும் ஒய்எல்எஸ்/சிஎம்ஐ (YLS/CMI) என்ற வினாத்தாளில் 42 கேள்விகள், 8 பிரிவுகள்: முந்தைய குற்றங்கள், குடும்பம், படிப்பு அல்லது வேலை, கூட்டாளிகள், போதை, ஓய்வு நேரம், ஆளுமை, மனப்பாங்கு. முதல் பிரிவு என்ன செய்தாலும் குறையாது, நடந்தது நடந்ததுதான். கூட்டாளிகள், ஓய்வு நேரம், குடும்பம் ஆகிய மூன்றுக்கும் பூட்டிய இடத்தில் இருப்பவரை வைத்துப் புதிதாக மதிப்பெண் போடவும் முடியாது. அதனால் சேர்ந்த அன்று போட்ட எண்ணையே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து 'இடர் குறையவில்லை' என்று குழு வாசிப்பது பெரும்பாலும் இந்தப் பெயர்த்தெழுத்தைத்தான். எந்த விடை புதியது, எந்த விடை பழையது என்று பக்கத்தில் தேதி போட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாம்படி:
கோப்புக்கட்டு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தாளை நிரப்பும் குறை, மறுஆய்வின் குறை அல்ல. நிலையான தேதி முறையில் அந்தத் தாளை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

தராசு:
அப்படியானால் நீட்டிப்பால் என்ன பலன் என்றாவது பார்க்கலாம். பிலடெல்பியாவிலும் பீனிக்ஸிலும் கடுங்குற்றம் புரிந்த 1,354 இளையோரை 7 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. இல்லத்தில் வைக்கப்பட்டவர்களில், 3 மாதம் முதல் 13 மாதம் வரையிலான வரம்பில் கூடுதலாக இருந்ததால் மறுகைது குறையவில்லை. 'இன்னும் மூன்று மாதம் இருந்தால் நல்லது' என்று எழுதும் குழுவுக்கு அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும் என்று சொல்லும் கடமை இருக்க வேண்டும்.

மூன்றாம்படி:
அது சராசரி. குழு பார்ப்பது ஒருவரை. சிகிச்சையின் கடைசி நான்கு வாரத்தில் இருப்பவரைத் தேதி வந்துவிட்டது என்று பாதியில் அனுப்புவதும் தவறுதான்.

கோப்புக்கட்டு:
நான்கு வாரம் மிச்சம் இருப்பது ஏன்? பயிற்சியில் இடம் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலில் கிடந்ததாலா? பல கோப்புகளில் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் தாளில் 'பயிற்சி முடிக்கவில்லை' என்ற இரண்டு சொல்தான் வரும், பிள்ளைதான் மறுத்தது போல. நீட்டிப்புத் தாளில் மூன்று கட்டம் வேண்டும்: தடை பிள்ளையிடமா, இல்லத்திடமா, வெளியில் தங்குமிடம் இல்லாததாலா? பின்னிரண்டில் ஒன்று என்றால் நீட்டிக்கும் அதிகாரமே குழுவுக்கு இருக்கக்கூடாது. நிபந்தனை விடுதலையை இயன்ற அளவு அதிகமாகவும் இயன்ற அளவு சீக்கிரமாகவும் வழங்கச் சொல்கிறது சிறார் நீதிக்கான ஐ.நா.வின் 1985 பெய்ஜிங் விதிகளில் 28-ஆவது. இடப் பற்றாக்குறைக்கு அதில் விலக்கு இல்லை.

மூன்றாம்படி:
இரண்டாம் கட்டத்துக்குச் சரி, பயிற்சியை வெளியிலேயே முடிக்க விடலாம். மூன்றாவதுதான் இடிக்கிறது. வீட்டில் ஏற்க மறுக்கிறார்கள், அல்லது பாதிக்கப்பட்டவரே அதே வீட்டில் இருக்கிறார். அன்று மாலை அந்தப் பிள்ளையை எங்கே இறக்கிவிடுவீர்கள்?

தராசு:
அந்தக் கேள்வியை விடுதலை நாளில் கேட்பதுதான் தப்பு. சேர்ந்த முதல் மாதத்திலேயே வீட்டுக்குப் போய்ப் பார்த்து, ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கி, இல்லையென்றால் அன்றே மாற்று இடம் தேடத் தொடங்க வேண்டும். தேதி தெரிந்தால்தானே தேடுபவருக்கும் கெடு இருக்கும்?

மூன்றாம்படி:
கெடு இருந்தும் இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.