பாமினி நோட்ஸ், கரும்பலகை, ஸ்க்ரைப்: கல்லூரியில் நாங்கள் சந்தித்தவை

எம்.ஏ. தமிழ் முடித்தவர், பார்வையற்றவர்:

பிளஸ் டூ வரை பார்வையற்றோர் பள்ளியில் படித்தேன். பாடப்புத்தகம் பிரெய்லில் கிடைத்தது. கல்லூரிக்கு வந்ததும் அது நின்றுபோனது. எல்லாமே வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்தான். லேப்டாப்பில் என்விடிஏ வைத்துக்கொண்டு படிப்பேன். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் இலவச மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-ல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும், ஆனால் ஒருங்குறியில் (யூனிகோடில்) இருந்தால்தான்.

எங்கள் துறையில் பலர் நோட்ஸைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது தமிழ். கம்ப்யூட்டருக்கோ அது வெறும் ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று இருக்கும் இடத்தில் எனக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று கேட்கும். யாப்பிலக்கண நோட்ஸ் முழுக்க இப்படித்தான் இருந்தது. தமிழக அரசே 2010-ல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய கோப்புகள்தான் ஆண்டுக்கு ஆண்டு சுற்றிக்கொண்டிருக்கின்றன. போனில் படம் பிடித்து அனுப்பும் பக்கங்கள் இன்னும் மோசம். அதை கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் ஓரளவு எழுத்து கிடைக்கும். ஆனால் அசை பிரித்த கோடுகளும் அலகிட்ட அட்டவணையும் உருக்குலைந்துவிடும்.

யாப்பு எடுத்த மேடம்தான் முதலில் கேட்டார்: "உனக்கு எப்படிக் கொடுத்தா படிக்க வசதியா இருக்கும்பா?" இரண்டு வருஷத்தில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. நோட்ஸை ஒருங்குறிக்கு மாற்றி, வேர்டில் தலைப்புகளை முறையாகத் தலைப்பாகவே குறித்து அனுப்பினார். ஒரு விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம். வகுப்பிலும் பலகையில் கோடு போட்டு 'இது, அது' என்று காட்டாமல், அடியை வாய்விட்டுச் சொல்லி 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' என்று அலகிடுவார். யாப்பு அடிப்படையில் ஓசை சார்ந்த பாடம்தானே! அதற்குப் பிறகு என் பக்கத்து பெஞ்சுக்காரர்களும் அலகிடுவதில் தேறினார்கள். அந்த வேர்டு கோப்பைத்தான் வகுப்பே கேட்டு வாங்கியது, போனில் தேடிப் படிக்க வசதி என்று.

பி.எஸ்சி. கணிதம், செவித்திறன் குறைந்தவர்:

அண்ணா, நீங்கள் சொன்ன 'இது, அது' எனக்கு வேறு விதமாக நடந்தது. காதில் கருவி உண்டு, மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். சார் பலகையைப் பார்த்தபடியே பேசினால் எனக்கு எதுவுமே வந்து சேராது. லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப் தமிழைக் கேட்டு எழுதித் தரும், ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்து கணக்குச் சொன்னால் தடுமாறும்.

இன்னொரு சார் எழுதும்போது பேச மாட்டார். எழுதி முடித்து, திரும்பி நின்று, அப்புறம் விளக்குவார். பின்பெஞ்சிலிருந்து யாராவது சந்தேகம் கேட்டால், அந்தக் கேள்வியைத் தானே ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் பதிலுக்குப் போவார். எனக்காகச் செய்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

அரசு கலைக் கல்லூரி ஆசிரியர்:

நான் பார்த்த பெரிய சிக்கல் தேர்வுக்கூடத்தில். எழுத்துத் திறன் குறைபாடுள்ள என் மாணவி ஒருத்தி ஸ்க்ரைப் கேட்டாள், அதாவது தான் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தரும் ஓர் ஆள். வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்லும் பெண். "40 சதவீதக் குறைபாடு இருக்கிறது என்ற சான்றிதழ் இல்லை, ஸ்க்ரைப் கிடையாது" என்று தேர்வு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது: ஸ்க்ரைப் பெற அந்த 40 சதவீதம் கட்டாயமில்லை. தீர்ப்பை அச்செடுத்து மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். அனுமதி வந்தது.

கூடுதல் நேரம் அடுத்த தலைவலி. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். அப்படியென்றால் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். விதியில் அந்த நேரம் இருந்தாலும், மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்து போகும் சத்தத்தில், கண்காணிப்பாளர் விடைத்தாளை அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது, எந்தப் பிள்ளையால் நிதானமாகச் சொல்லி எழுதவைக்க முடியும்? தரைத்தளத்தில் தனி அறையும், கடைசிவரை உட்காரத் தயாரான ஒரு கண்காணிப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் நடக்காது.

தம்பி, எங்கள் துறையிலும் பாமினிக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லூரி நூலகர்:

புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2012 திருத்தத்திலிருந்து, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அணுகத்தக்க வடிவில் பிரதி எடுத்துத் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. லாப நோக்கம் இருக்கக் கூடாது. தயங்காமல் கேளுங்கள்.

எம்.ஏ. தமிழ் முடித்தவர்:

சார், இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் நிறைய உண்டு. அதில் ஒட்டி மாற்றியதும் ஔகாரச் சொற்களை முதலில் பாருங்கள். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகத் தனி 'ள' உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, எனக்கு 'கெளரவம்' என்று கேட்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாக மாறிக் குழம்பியிருக்கும், அதைத் தனியாக அடிக்க வேண்டும். முதலில் ஒரு பாடத்தை மட்டும் மாற்றி அனுப்புங்கள் சார், கேட்டுப் பார்த்துத் தவறுகளைக் குறித்துத் தருகிறேன்.